காணாமல் போன பத்து சென்டிமீட்டர்

வியாழக்கிழமை, காலை 10:40.

அந்த வீட்டின் பக்கவாட்டில் பத்து சென்டிமீட்டர் காணாமல் போயிருப்பது அப்போதுதான் உறுதியாயிற்று.

"இன்னொரு தடவை பிடிங்க," என்றாள் அங்குலம்.

பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் டேப்பின் முனைக் கொக்கியை எல்லைக்கல்லின் விளிம்பில் மாட்டி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பிடித்தார். அங்குலம் டேப்பைப் புதுச் சுவர் வரை இழுத்துக் குனிந்து பார்த்தாள். ஒன்று நாற்பது. மூன்று தடவை அளந்தாயிற்று, மூன்று தடவையும் ஒரு மீட்டர் நாற்பதுதான் வந்தது. இருக்க வேண்டியது ஒன்று ஐம்பது.

"நான் புகார்ல எழுதினது அப்படியே வருதா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"வருது சார். மாத்திரை எண்ற மாதிரி எண்ணியிருக்கீங்க."

அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அங்குலம் நகரசபைக் கட்டட அனுமதிப் பிரிவின் ஆய்வாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடிருந்தது, மற்றபடி ஊருக்கே அவள் அங்குலம்தான். சாப்பிட உட்கார்ந்தால் மேஜை எத்தனை உயரம் என்று கண்ணாலேயே அளந்துவிட்டுத்தான் தட்டைப் பார்ப்பாள். "பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கு என் உயரம் ஒண்ணு எழுபதுன்னு சொன்னேன். ஒண்ணு அறுபத்தெட்டுன்னு திருத்திட்டுத்தான் சம்மதிச்சா," என்று அவள் கணவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். பத்தொன்பது வருட வேலையில் அவள் அளவு ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இன்றைய சங்கடமே அந்தப் பெருமையில்தான் இருந்தது. கோப்பில் நான்கு மாதத்துக்கு முந்தைய படிவம் ஒன்று இருந்தது. அஸ்திவாரம் தோண்டும் முன் சுவர் வரும் இடத்தில் நூல் கட்டிக் காட்ட வேண்டும், ஆய்வாளர் வந்து அளந்து கையெழுத்துப் போட்ட பிறகே கடப்பாரை மண்ணில் இறங்க வேண்டும் என்பது விதி. படிவத்தில் தெளிவாக எழுதியிருந்தது: "பக்கவாட்டு இடைவெளி 1.50. சரி." கீழே கையெழுத்து. அவளுடையதேதான்.

நூல் கட்டியபோது ஒன்று ஐம்பது, சுவர் எழுந்தபின் ஒன்று நாற்பது. சுவருக்குக் கால் கிடையாது. எல்லைக்கல்லுக்கும் கிடையாது.

விதி ஒன்றும் சிக்கலானதில்லை. வீட்டை ஒட்டி ஓர் அறை இழுத்துக் கட்டும்போது, ஜன்னல் வைத்த சுவரென்றால் பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து ஒன்றரை மீட்டர் விட வேண்டும். ஜன்னல் இல்லாத சுவருக்கு ஒரு மீட்டர் போதும். இடைவெளி குறைந்தால் அன்று மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை போக வேண்டும். அந்த அறிக்கையில் "தவறு யாருடையது" என்று மூன்று கட்டங்கள் உண்டு. கட்டியவர் தவறு என்றால் திருத்தத்துக்கே இடமில்லை, சுவரை இடிக்க வேண்டும், மேஸ்திரியின் பதிவும் ரத்தாகும். எல்லைக்கல்லை யாராவது நகர்த்தியிருந்தால் போலீசுக்குப் போகும். மூன்றாவது கட்டம் அலுவலகத்தின் தவறு. அப்படியானால் அக்கம்பக்கத்துக்கு இடைஞ்சலில்லாமல் திருத்திக்கொண்டு சுவர் நிற்கலாம். அந்தக் கட்டத்தில் இதுவரை எவர் பேனாவும் பட்டதில்லை.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இன்றைக்கென்று லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு சரளைக் கல் பரப்பிய கார் பாதையில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். அளவைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. ஆனால் அவர் ஆச்சரியப்படவில்லை. அங்குலம் அதைக் கவனித்து மனதில் ஓரமாக வைத்துக்கொண்டாள்.

காலை 11:05.

முதலில் மருந்துக்கடைக்காரரைப் பிடித்தாள். காரணம் கண்ணெதிரே இருந்தது. எல்லைக்கல்லிலிருந்து நாலடி தள்ளி, அவர் பக்கத்து மண் புதிதாகக் கிளறப்பட்டிருந்தது.

"இது என்ன சார், தோண்டியிருக்கு?"

"செடி வைக்கலாம்னு."

"என்ன செடி?"

"அது... இன்னும் முடிவு பண்ணல."

"எப்போ தோண்டினீங்க?"

"போன வாரம்."

"புகார் எழுதினது?"

"அதுவும் போன வாரம்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"உங்களுக்கு அந்தச் சுவர்மேல கோபமா, அதுல இருக்கிற ஜன்னல்மேல கோபமா?"

"ஜன்னல்தான் மேடம். காலையில ஆறு மணிக்கு நான் பின்னாடி நின்னு உடற்பயிற்சி பண்ணுவேன். டாக்டர் சொன்னது. பனியனோட குனிஞ்சு நிமிர்றப்ப எதிர்ல ஜன்னல் இருந்தா மனுஷன் எப்படிக் குனியறது, சொல்லுங்க. வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். டேப்பை எடுத்து அளந்தேன், பத்து குறைஞ்சது. அதையே எழுதிட்டேன்."

"சரி. அந்தக் குழி?"

அவர் தன் வீட்டு முன்வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்குலமும் பார்த்தாள். கேட்டிலிருந்து வீட்டுப்படி வரை ஒரு புல்கூட முளைக்க வழியில்லாமல் சிமென்ட் போட்டு மெழுகியிருந்தது. மழைத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே இறங்காது, மொத்தமும் தெருவுக்குத்தான் ஓடும். அப்படிப் போட முன் அனுமதி வேண்டும், அல்லது தண்ணீரை உறிஞ்சும் குழி ஒன்றாவது வேண்டும்.

அவளுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

"புகார் எழுத விதிப் புத்தகத்தைப் புரட்டினீங்க. அதுல உங்க முன்வாசலும் இருந்துச்சு."

"அடுத்த பக்கத்துலயே இருந்துச்சு மேடம்," என்றார் அவர் பரிதாபமாக. "நீங்க வர்றதுக்குள்ள யாருக்கும் தெரியாம உறிஞ்சு குழி போட்டுடலாம்னு பார்த்தேன். பாதிதான் தோண்ட முடிஞ்சது. முதுகு பிடிச்சிக்கிச்சு."

காலை 11:40.

அவர் பேச்சை மட்டும் நம்பி விட்டுவிட அவள் என்ன நேற்று வேலைக்குச் சேர்ந்தவளா? எல்லைக்கல்லின் அருகே மண்டியிட்டாள். பக்கத்திலிருந்த மரத்தின் வேர் ஒன்று கல்லின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் மண்ணுக்குள் போயிருந்தது. விரல் தடிமன். வேரில் வெட்டோ கீறலோ இல்லை. நான்கு மாதத்தில் அப்படி வளராது.

அப்புறம் கணக்கு. பழைய வீட்டுச் சுவரிலிருந்து கல் வரை ஐந்து மீட்டர் என்று நகர வரைபடம் சொன்னது. அறையின் உள் அகலம் மூன்று முப்பது, சுவரின் தடிமன் இருபது சென்டிமீட்டர், வெளியே இடைவெளி ஒன்று ஐம்பது, ஆக ஐந்து. அனுமதி கொடுத்த வரைபடம் அப்படி. இப்போது அவள் உள்ளே போய் அளந்தாள். அறை அகலம் மூன்று நாற்பது. சுவர் இருபது. வெளியே ஒன்று நாற்பது. கூட்டினால் இப்போதும் ஐந்துதான்.

கல் நகரவில்லை. சுவர்தான் பத்து சென்டிமீட்டர் வெளியே நிற்கிறது. வெளியே தொலைந்தது அத்தனையும் அறைக்குள்ளே பத்திரமாக இருந்தது. மருந்துக்கடைக்காரரின் பெயரை அவள் தன் மனப் பட்டியலிலிருந்து அடித்தாள்.

அறைக்குள் மேஸ்திரி அலமாரிக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். நெடுநாள் பழக்கம். அவர் கட்டிய முதல் வீட்டின் நூலை அளந்ததே அவள்தான், பதினைந்து வருடமாகிறது. பலகையின் ஓரத்தில் தன் டேப்பை வைத்து, பத்து என்ற எண்ணின்மேல் கட்டைவிரலை அழுத்தி, மறுபக்கம் எழுபதில் கோடு போட்டார்.

"அறுபது பலகையா மேஸ்திரி?"

"ஆமாங்க மேடம். வீட்டுக்காரரோட அக்கா மருந்து டப்பா வைக்க."

பலகை புதிதல்ல. சிமென்ட் கறை படிந்த பழைய பலகை. அதன் விளிம்பில் இரண்டு ஆணித் துளைகள் இருந்தன. அவற்றை அவர் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு வெச்சிருந்த பலகை?"

"நூல் கட்டின பலகைங்க. வீணாப் போக வேணாம்னு..." சொல்லும்போதே அவர் வேகம் குறைந்தது. உள்ளங்கையால் துளைகளை மெல்ல மூடிக்கொண்டார்.

அங்குலம் அந்தக் கையை நகர்த்தச் சொல்லவில்லை. மூடும் முன்பே அவள் கண் அளந்துவிட்டது. இரண்டு துளைகளுக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர்.

மதியம் 12:15.

மேஸ்திரி, டிரைவர் இருவரையும் சமையலறையில் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டாள். டிரைவர் தேநீர் ஊற்றினார்.

"மேஸ்திரி, சுவரை எங்க கட்டினீங்க?"

"நூல் கட்டின இடத்துலங்க."

"நூலை எங்க கட்டினீங்க?"

"நீங்க பார்த்துக் கையெழுத்துப் போட்ட இடத்துல."

"நான் போனப்புறம் நகர்த்தினீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்லைங்க."

"அப்ப நான் வர்றதுக்கு முன்னாடி?"

மேஸ்திரி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் சர்க்கரை டப்பாவைப் பார்த்தார்.

"பலகையில ரெண்டு துளை இருக்கு மேஸ்திரி. நூல் ஒரு தடவை கட்டி, அப்புறம் தள்ளிக் கட்டியிருக்கு. யார் தள்ளினது?"

"என் தப்புன்னே எழுதிக்கோங்க மேடம்," என்றார் மேஸ்திரி திடீரென்று.

"என்னது?"

"நானே இடிச்சுத் தர்றேன் மேடம்," என்றார் டிரைவர் அவரை முந்திக்கொண்டு. "யார் எவர்னு கேக்க வேணாம். பிரச்சினை வேணாம். விடுங்க."

அங்குலம் தேநீரைக் கீழே வைத்தாள். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ மேஸ்திரிகளைப் பார்த்தாயிற்று. கூரை தலைமேல் விழுந்தாலும் மணலைக் குறை சொல்வார்களே தவிர, தன் தப்பு என்று ஒருவர் சொல்லி அவள் கேட்டதில்லை. ஆசை ஆசையாகக் கட்டிய சுவரைத் தானே இடிக்கிறேன் என்ற வீட்டுக்காரரையும் பார்த்ததில்லை. இன்று ஒரே மேஜையில் இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு தலையைக் கொடுக்கிறார்கள். யாரையோ காப்பாற்றத்தான் இந்தப் பாடு. ஆனால் யாரை? மருந்துக்கடைக்காரரை இவர்கள் காப்பாற்றப்போவதில்லை. வேறு யாரும் இந்தக் கதையில் இல்லையே.

"பதிவு போயிடும் மேஸ்திரி. அப்புறம் யார் வீட்டுலயும் நூல் கட்ட முடியாது. தெரியுமில்ல?"

"தெரியுங்க," என்றார் மேஸ்திரி.

மதியம் 1:00.

ஹாலில் டிவிக்கு எதிரே சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள் டிரைவரின் அக்கா. இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம். படுக்கை அறைகளெல்லாம் மாடியில். தலைக்குக் குளிக்க வேண்டுமென்றால் தம்பியும் அவன் மனைவியும் அவளை நாற்காலியோடு தூக்கிப் பதினான்கு படி ஏற வேண்டும். வருகிறவர் போகிறவர், தபால்காரர், மீட்டர் பார்ப்பவர், எல்லோருக்கும் அவள் தூக்கமும் விழிப்பும் காட்சிதான். புது அறை அவளுக்காகத்தான் எழுந்தது.

"உக்காரும்மா," என்றாள் அக்கா. "சுவர் விழுமா நிக்குமா?"

"அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்க்கா."

"விழுந்தாலும் பரவாயில்ல. ஊர்க் கோடியில ஒரு விடுதி இருக்கு, வயசானவங்க தங்குறது. இடம் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். தம்பிக்குத்தான் மனசு கேக்கல. அம்மா போனப்புறம் அவனை வளர்த்தது நான். இப்ப என்னைத் தூக்கித் தூக்கி அவன் இடுப்பு விட்டுப்போச்சு. பஸ் ஓட்டறவன் இடுப்பை நான் பார்க்க வேணாமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அக்கா, நூல் கட்டின அன்னைக்கு நீங்க இங்க இருந்தீங்களா?"

"இருந்தேனே. பின்னாடி நாற்காலி போட்டு உக்கார்ந்திருந்தேன். தூறல் வேற. முட்டி ரெண்டும் வீங்கிப்போய்..." சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "அதைப் பத்தி என்கிட்ட கேக்காதம்மா. நல்லது பண்ணினவங்களைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு தம்பி என் வாயைக் கட்டி வெச்சிருக்கான்."

"யார் நல்லது பண்ணினாங்க?"

அக்கா டிவி சத்தத்தைக் கூட்டினாள். ஆனால் கண் மட்டும் டிவியில் இல்லாமல், ஒருவித வாஞ்சையோடு அங்குலத்தின் மேலேயே இருந்தது.

மதியம் 2:10.

அங்குலம் வெளியே வந்து தன் காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நோட்டைப் புரட்டினாள். அந்தத் தேதியில் நான்கு இடங்கள். இந்த வீடு இரண்டாவது. "தூறல். 1.50. சரி." வேறொன்றும் இல்லை. ஒரு மாதத்துக்கு ஐம்பது நூல் பார்க்கிறவளுக்கு ஒரு நூலின் முகம் நினைவிருக்குமா?

முதல் துளை சரியான இடத்தில்தான் இருந்திருக்க வேண்டும். மேஸ்திரி பிசகுகிறவர் அல்ல. அப்புறம் யாரோ பத்து சென்டிமீட்டர் வெளியே தள்ளச் சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னால் மேஸ்திரி மறுபேச்சில்லாமல் தள்ளுவார்? வீட்டுக்காரர் சொன்னால் சண்டை போடுவார். பதிவு போய்விடும் என்று பயப்படுவார். அவர் பயப்படாமல் நூலைத் தள்ளுவது ஒரே ஓர் ஆள் சொன்னால்தான்.

கோப்பிலிருந்த தன் கையெழுத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

ஆனால் அளவு? அவள் தள்ளச் சொல்லியிருந்தாலும் அளந்துவிட்டுத்தானே எழுதியிருப்பாள். ஒன்று ஐம்பது என்று கண்ணால் படித்துத்தானே கையெழுத்து. டேப்பில் கோளாறா? டேப்பைக் கையில் எடுத்தாள். பழைய டேப்பின் முனை பிய்ந்துபோய் பதினைந்து வருடத்துக்கு மேல் ஓட்டிய பிறகு, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய புது டேப். முனையும் கொக்கியும் புத்தம் புதுசு. பிசக வழியே இல்லை. டேப்பின் முதுகில் அலுவலகச் சீட்டு ஒட்டியிருந்தது, வழங்கிய தேதியோடு.

தேதியைப் படித்தாள். நோட்டைப் பார்த்தாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள். இரண்டும் ஒரே நாள்.

கார் கதவைத் திறந்துகொண்டு அவள் இறங்கிய வேகத்தில் சரளைக் கற்கள் நாலாபக்கமும் தெறித்தன.

மதியம் 2:30.

எல்லோரையும் பின்பக்கம் வரச் சொன்னாள். அக்காவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தடவை அளக்கணும். மேஸ்திரி, இந்தத் தடவை நீங்க கல்லுகிட்ட பிடிங்க."

அதற்குமேல் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேஸ்திரி டேப்பின் முனையை வாங்கிக்கொண்டு போய்க் கல்லருகே குத்தவைத்தார். அங்குலம் டேப்பைச் சுவர் வரை இழுத்தாள். விறைப்பாகப் பிடித்துக் குனிந்தாள்.

"எவ்வளவு மேடம்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒன்று ஐம்பது," என்றாள் அங்குலம்.

காலையில் மூன்று முறை ஒன்று நாற்பது காட்டிய அதே கல், அதே சுவர், அதே டேப். காணாமல் போன பத்து சென்டிமீட்டர் தானாகத் திரும்பி வந்துவிட்டது.

"மாயமந்திரமா இது?" என்றார் டிரைவர்.

"மேஸ்திரி, கையை எடுக்காம அப்படியே இருங்க. எல்லாரும் அவர் கட்டைவிரலைப் பாருங்க."

மேஸ்திரியின் கட்டைவிரல் டேப்பில் பத்து என்ற எண்ணை எல்லைக்கல்லின் விளிம்பில் அழுத்திக்கொண்டிருந்தது. முனையும் கொக்கியும் கல்லைத் தாண்டி அந்தரத்தில் தொங்கின.

"ஏன் பத்துல பிடிச்சிருக்கீங்க?"

"பத்துலதானே மேடம் பிடிக்கணும்?" மேஸ்திரி விழித்தார். "உங்க டேப்புக்கு முனை பிய்ஞ்சிருக்குமே. பதினஞ்சு வருஷமா நான் பத்துல பிடிப்பேன், நீங்க மனசுக்குள்ள பத்தைக் கழிச்சுக்குவீங்க. என் டேப்பும் அப்படித்தான், கொக்கி லொடலொட. பத்துலேர்ந்துதான் எல்லாம் அளப்பேன்."

"அது பழைய டேப், மேஸ்திரி. இது புதுசு. நூல் பார்க்க வந்த அன்னைக்குக் காலையிலதான் கைக்கு வந்துச்சு. முனை நல்லா இருக்கு. அதனால நான் கழிக்கல."

மேஸ்திரி முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மஞ்சள் டேப்புன்னு மட்டும்தான் பார்த்தேன்," என்றார் மெதுவாக.

"அன்னைக்கு நீங்க கட்டின நூல் ரொம்பச் சரி. ஒன்று ஐம்பதுல இருந்துச்சு. நீங்க பத்துல பிடிச்சதால எனக்கு ஒன்று அறுபது காட்டிச்சு. பத்து மிச்சம் இருக்கேன்னு நினைச்சேன். வெளியே தள்ளிக்கோங்கன்னு சொன்னது நான்தான், இல்லையா?"

டிரைவர் தலைகுனிந்தார்.

"இல்லையா அக்கா?"

"இனிமே மறைச்சு என்ன," என்றாள் அக்கா. "என் முட்டியைப் பார்த்த நீ. 'வாக்கர் வெச்சுத் திரும்பணும்னா இடம் பத்தாது, பத்து சென்டி இருக்கு, தள்ளிக் கட்டுங்க, ரூம் பெருசா வரட்டும்'னு சொன்ன. எங்களுக்கு விதி தெரியும். மேடம் மனசு இரங்கி விதியில பத்து விட்டுக் கொடுத்துட்டாங்கன்னு நினைச்சோம். உன்னை மாட்டிவிட்டா நாங்க மனுஷங்களா?"

அங்குலத்துக்கு எல்லாம் நினைவு வந்தது. தூறல், குடை, வீங்கிய முழங்கால்கள். விதிக்குள் இடமிருக்கிறது என்று நம்பித்தான் அன்று அந்த வார்த்தையைச் சொன்னாள். இவர்களோ அவள் விதியை மீறி இரக்கம் காட்டியதாக நம்பி, நான்கு மாதம் அதைப் பொத்திப் பொத்திக் காத்திருக்கிறார்கள். ஒருவர் வேலையையே விடத் துணிந்தார். இன்னொருவர் சுவரை. அவளுக்காக!

"டேப்பைப் பிடிச்ச ஆள்மேல தப்பு கிடையாது," என்றாள். "முனை எங்க இருக்குன்னு பார்க்க வேண்டியது அளவைப் படிக்கிற ஆள். அது விதி. அந்த ஆள் நான். பத்து சென்டிமீட்டரைத் தொலைச்சது நான்தான்."

சொல்லும்போது குரல் தழுதழுக்கும் என்று பயந்தாள். வந்ததென்னவோ சிரிப்புதான். காலையிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீடெல்லாம் தேடிய ஆள் தானே என்றால் வேறென்ன செய்வது? முதலில் அக்கா கூடச் சேர்ந்து சிரித்தாள். வேலிக்கு அப்பாலிருந்து மருந்துக்கடைக்காரர் சிரித்து, முதுகு சுளுக்கி, "அம்மா!" என்றார்.

மாலை 3:40.

தலைமை அலுவலரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"மேஸ்திரியே ஒத்துக்கிட்டார்னு சொன்னீங்களே மேடம். அப்படியே எழுதிட்டா வேலை முடிஞ்சது. உங்க ரெக்கார்டுல இதுவரை ஒரு கோடு கிடையாது."

"தெரியும் சார். ஆனா அவர் கட்டின நூல் சரியா இருந்துச்சு. நான்தான் அதைக் கெடுத்தேன்."

"ஒரு வருஷம் தனியா நூல் பார்க்க விடமாட்டாங்க. கூட ஓர் ஆள் வந்து உங்க அளவைச் சரிபார்ப்பாங்க. பரவாயில்லையா?"

"வரட்டும் சார். முனையைப் பிடிக்க எனக்கும் ஒரு ஆள் வேணும்."

மருந்துக்கடைக்காரரிடம் திருத்தத்தை விளக்கினாள். பக்கவாட்டு ஜன்னலை எடுத்துவிட்டு, எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் வெளிச்சத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடிப் பட்டை. அப்படியென்றால் விதிப்படி அது ஜன்னல் இல்லாத சுவர், ஒரு மீட்டர் போதும். இங்கே ஒன்று நாற்பது இருக்கிறது. பின்பக்கம் இன்னொரு ஜன்னல் இருப்பதால் காற்றுக்குக் குறைவில்லை. அவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்.

"எங்க போடணும்?" என்று அவர் பேனாவோடு தயாராக நின்றார். போட்டு முடித்ததும் தயங்கினார். "என் முன்வாசல்..."

அங்குலம் பையிலிருந்து விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினாள். "முப்பது நாள் டைம் இருக்கு சார். குழியை மேஸ்திரிகிட்ட விடுங்க. உங்க முதுகுக்கு ஆகாது."

மாலை 4:35க்கு மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்தாள். "அளவு எடுத்தவரின் தவறு. டேப்பின் முனையைச் சரிபார்க்கவில்லை." கீழே முழுப்பெயரோடு கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெயரை எழுதி நாளாகிவிட்டதால் பார்க்கக் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை, காலை 11:20.

மேஸ்திரி இரண்டே நாளில் ஜன்னலை ஏற்றிக் கட்டிப் பூசிவிட்டார். அங்குலம் வந்து அளந்தாள். கூட வந்திருந்த இளம் ஆய்வாளர் முனையைப் பார்த்து, "பூஜ்யத்துல இருக்கு மேடம்," என்று உரக்கச் சொன்னார். குடியேறும் சான்றிதழில் முத்திரை விழுந்தது. விடுதிக்கு வேண்டாமென்று டிரைவர் சனிக்கிழமையே போன் பண்ணியிருந்தார்.

அக்கா வாக்கர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சோபாவிலிருந்து எழுந்தாள். தம்பி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"டேய், கையை இறக்கு. கோழி பிடிக்கிற மாதிரி வராதே."

அவர் கையை இறக்கினார். ஆனால் நடையை நிறுத்தவில்லை. அக்கா ஓர் அடி, சட்டம் ஓர் அடி என்று ஹாலைக் கடந்தாள். புது அறைக்குள் நுழைந்தாள். சட்டத்தோடு அரை வட்டம் திரும்பிப் பார்த்தாள். எங்கும் இடிக்கவில்லை. கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள், மருந்து அலமாரியைப் பார்த்தாள். அப்புறம் வாசலில் கும்பலாக நின்ற அவர்களைப் பார்த்தாள். தம்பி, அவர் மனைவி, மேஸ்திரி, இரண்டு ஆய்வாளர்கள்.

"எல்லாரும் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சுக்கா," என்றார் தம்பி. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அப்ப நகருங்க. ஆறு வாரமா ஊரே பார்க்கப் படுத்திருக்கேன்."

உள்ளேயிருந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.